இத்தாலியின் முதல் கொமூனே லாட்சிசேதானா?

ஏட்டுச்சுவடி:
கார்டா ஏரியின் கிழக்குக் கரையிலுள்ள லாட்சிசே என்ற சிற்றூருக்குப் போய்வந்த நம் மன்ற உறுப்பினர் பயணப்பை, தம் பயணக் குறிப்பில் "983-ஆம் ஆண்டிலேயே தன்னாட்சி பெற்ற, இத்தாலியின் முதல் கொமூனே" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். கொமூனே என்றால் தன்னைத்தானே ஆளும் ஊர். உள்ளூர்க்காரர்கள் பெருமைக்குச் சொல்லிக்கொள்வதையெல்லாம் வரலாறு என்று இங்கே கொண்டுவந்து இறக்கும் வழக்கம் எப்போது ஒழியுமோ தெரியவில்லை. அந்த ஆண்டு மே மாதம் வெரோனாவில் இருந்த பேரரசர் இரண்டாம் ஓட்டோ, லாட்சிசேயைச் சேர்ந்த 18 பேருக்கு மீன்பிடிக்கவும், சுங்கம் வசூலிக்கவும், அரண் எழுப்பவும் உரிமை கொடுத்தார் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே, 958-இல், இத்தாலியின் அரசர்களான இரண்டாம் பெரெங்காரும் அவர் மகன் அடல்பெர்ட்டும் ஜெனோவாவில் வாழ்ந்த அனைவருக்கும் பட்டயம் வழங்கிவிட்டார்கள். 958 முந்தியதா, 983 முந்தியதா என்பதற்கு வரலாற்றுப் பட்டம் தேவையில்லை.

பயணப்பை:
துறைமுகம், மதில், திராட்சைத் தோட்டம், நடைபாதை என்று நான் எழுதிய அத்தனையையும் விட்டுவிட்டு ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஏட்டுச்சுவடி ஐயாவுக்குப் புதிதல்ல. கோமோ ஏரியைப் பற்றி எழுதியபோதும் எனக்கு இதே மரியாதைதான் கிடைத்தது. ஜெனோவாப் பட்டயத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருந்த சொத்தையும் வழக்கங்களையும் அது உறுதிப்படுத்தியது, அதிகாரிகள் அவர்கள் வீடுகளுக்குள் புகக்கூடாது என்றது. சுங்கம் வசூலிக்கும் உரிமையை அது யாருக்கும் கொடுக்கவில்லை. லாட்சிசேயில் ஆயருக்கும் பிரபுவுக்கும் இல்லாமல் நேரடியாக ஊர்க்காரர்கள் 18 பேருக்கு அந்த உரிமை கிடைத்தது. 18 பேர், ஐயா.

ஏட்டுச்சுவடி:
18 பேர் என்பதை எத்தனை முறை எழுதினாலும் அது 19 ஆகிவிடப் போவதில்லை. மீன்பிடி உரிமை பெற்ற ஊரெல்லாம் கொமூனே என்றால் ஏரியைச் சுற்றியுள்ள பாதி ஊர்கள் வரிசையில் வந்து நிற்கும். தாமே தேர்ந்துகொண்ட கான்சல்கள் என்ற ஆட்சியாளர்கள் ஆளும் நகரங்களை 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் நாம் பார்க்கிறோம். பீசாவில் 1080-களில், மிலானில் 1097-இல். லாட்சிசேயில் 983-இல் கான்சல் யார் என்று பயணப்பை சொல்லட்டும், நான் விலகிக்கொள்கிறேன்.

வெரோனாவாசி:
நான் லாட்சிசேயிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் வசிப்பதால் ஒன்றைச் சொல்கிறேன். இப்போது நீங்கள் பார்க்கும் மதிலும் கோட்டையும் 983-ஐச் சேர்ந்தவையே அல்ல. வெரோனாவை ஆண்ட ஸ்காலிஜர் குடும்பத்தார் 14-ஆம் நூற்றாண்டில் எழுப்பியவை. அந்தக் கோட்டை தனியாருக்குச் சொந்தமான மாளிகைத் தோட்டத்துக்குள் இருப்பதால் யாரும் நினைத்தவுடன் உள்ளே போய்விட முடியாது. பயணப்பை "கோட்டையைக் கண்டு மகிழ்ந்தேன்" என்று எழுதியிருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

பயணப்பை:
கண்டேன் என்றுதான் எழுதினேன். கொத்தளத்தில் ஏறிக் கொடி நாட்டினேன் என்று எழுதவில்லை. வெளியிலிருந்து பார்ப்பதற்கும் கண் வேண்டும்.

வெரோனாவாசி:
சிலருக்குக் கண் இருந்தும் கண்டதை விவரமாக எழுத வராது. சிறு துறைமுகத்தின் ஓரத்தில் நிற்கும் வெனிசு ஆட்சிக்காலச் சுங்க மண்டபத்தைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பக்கத்திலேயே உள்ள 12-ஆம் நூற்றாண்டுப் புனித நிக்கோலா ஆலயத்துக்கு அந்த ஒரு வரிகூட இல்லை. அந்த மண்டபத்தில் இப்போது திருமணங்கள் நடக்கின்றன, அதனால் பல நாட்களில் கதவு மூடியிருக்கும் என்பதையாவது சொல்லியிருக்கலாம். கோடையில் புதன்கிழமை ஏரிக்கரை முழுவதும் சந்தைக் கடைகளாகிவிடும். அன்று காரில் போகிறவர் மதிலுக்கு வெளியே இடம் தேடித் தேடியே களைத்துவிடுவார். போகிறவர்களுக்குப் பயன்படுவது இதுதான், 983 அல்ல.

ஏட்டுச்சுவடி:
வெரோனாவாசி தம்மையறியாமலே என் வாதத்துக்கு வலுச் சேர்த்துவிட்டார். கல்லில் 983 இல்லை, மதிலில் இல்லை, கோட்டையில் இல்லை; பயணப்பையின் குறிப்பில் மட்டும் இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், ஜெனோவா 958.

வெரோனாவாசி:
நான் யாருக்கும் வலுச் சேர்க்கவில்லை. பட்டயம் வெரோனாவில் கொடுக்கப்பட்டது என்பதையும் மறந்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்தில் நடந்ததையெல்லாம் ஜெனோவாவுக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

சிவப்புக்கோப்பை:
கொமூனே சண்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். அதே குறிப்பில் "கியாரெத்தோ என்ற இளஞ்சிவப்பு வைன் பிறந்த கரை" என்று லாட்சிசேயை வருணித்திருக்கிறார். 1896-இல் அந்த வைனுக்கு இன்றைய முறையை வகுத்தவர் என்று சொல்லப்படும் பொம்பேயோ மொல்மெந்தியின் தோட்டம் எதிர்க்கரையில், மோனிகாவில் இருந்தது. அங்கே குரொப்பெல்லோ திராட்சை, இங்கே கொர்வீனாவும் ரொந்தினெல்லாவும். லாட்சிசேக்குச் சொந்தமாகப் பெருமைப்பட பார்தொலீனோ சிவப்பு வைன் இருக்கிறது. 1968-லேயே அதற்கு டிஓசி என்ற பிறப்பிடத் தகுதி கிடைத்துவிட்டது, லாட்சிசே அந்த வைனின் மூல விளைநிலமான பழைய கிளாசிக்கோ எல்லைக்குள்ளேயே வருகிறது. சற்றே குளிர வைத்து, ஏரியில் பிடித்த லவரெல்லோ மீனோடு குடித்துப் பார்த்தவருக்கு, சிவப்பு வைனையும் மீனையும் சேர்க்கக்கூடாது என்ற பாடமெல்லாம் மறந்துபோகும்.

பயணப்பை:
நான் "கரை" என்று எழுதியது ஏரியின் கரையை. ஏரிக்கு எல்லாப் பக்கமும் கரைதான்.

சிவப்புக்கோப்பை:
அப்படியானால் 370 சதுர கிலோமீட்டர் ஏரியில் எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பிறக்க வைத்துவிடலாம்.

ஏட்டுச்சுவடி:
சிவப்புக்கோப்பை கண்டுபிடித்தது தற்செயலானதன்று. முதல் கொமூனே, முதல் வைன் என்று எதிலும் "முதல்" போடாமல் இவரால் ஓர் ஊரைவிட்டு வெளியே வர முடியாது. லாட்சிசேயிலிருந்து பார்தொலீனோவுக்கு ஏரியை ஒட்டியே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நடந்ததாக எழுதியிருக்கிறார். குறிப்பில் அந்தப் பகுதி நன்றாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. காலையில் வடக்கிலிருந்து பெலேர் காற்று, பகலில் தெற்கிலிருந்து ஓரா காற்று என்று அவர் எழுதியதும் சரிதான். நடக்கிறவர் நடையைப் பற்றி எழுதலாமே, பட்டயத்தில் ஏன் கை வைக்க வேண்டும்?

பயணப்பை:
போகாத ஊருக்கு வழி சொல்கிறவர் போய்வந்தவரிடம் கேட்கும் கேள்வியா இது? நீங்கள் அந்த ஏரியைப் படத்தில் தவிர வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? 18 பேருக்குப் பட்டயம் கொடுத்தாரா, இல்லையா? ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் போதும்.

ஏட்டுச்சுவடி:
கொடுத்தார் என்று முதல் பதிவிலேயே எழுதிவிட்டேன். 958-இல் ஜெனோவாவுக்குக் கொடுத்தார்களா, இல்லையா? இதற்கும் அதே ஒரு சொல்லில் பதில் வரட்டும். வரலாற்றைப் படிக்க ஏரியில் கால் நனைத்திருக்க வேண்டும் என்பது எனக்குப் புதிய செய்தி.

பயணப்பை:
ஜெனோவா ஏரிக்கரையில் இல்லை.

ஏட்டுச்சுவடி:
இந்தப் பதிலைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறேன், அடுத்த முறை பயன்படும். இருக்கட்டும், 1509-இல் லாட்சிசேக்கு எதிரே வெனிசுக்காரர்கள் தாமே மூழ்கடித்த கப்பலை இதே குறிப்பில் "காலி" என்ற துடுப்புப் போர்க்கப்பலாக எழுதியிருக்கிறார். அது அதைவிடச் சிறிய "ஃபுஸ்தா" என்று கருதுகிறவர்களும் உண்டு. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். வெரோனாவாசி அங்கேயாவது எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டு வரட்டும்.

வெரோனாவாசி:
நான் வருகிறேன், ஆனால் உங்கள் பக்கம் அல்ல.