ஒரே நடை, ஒரே அப்பா, வேறு வேறு பிரஷர் – உங்கள் அனுபவம்?

காலைநடை:
போன மாதம் டிஎம்டி (ஓடும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தையும் பிரஷரையும் பார்க்கும் டெஸ்ட்) எடுத்தேன். நிற்கும்போது 128/82. மெஷின் வேகம் கூடி ஆறாவது நிமிடம் மேல் பிரஷர் 226. அந்த ஊழியர் கைப்பட்டையை இன்னொரு முறை காற்றடித்துப் பார்த்தார். எண்ணைப் பார்த்தவர் என் பக்கம் திரும்பாமலே டாக்டரைக் கூப்பிட்டார். அவர் திரும்பாததுதான் இன்னும் மனசை அரிக்கிறது. நானும் அண்ணனும் நாலு வருடமாக ஒன்றாகத்தான் நடக்கிறோம். அதே டெஸ்டில் அவனுக்கு 170-ஐத் தாண்டவில்லை. அப்பா 54 வயதில் பக்கவாதத்தில் விழுந்தவர். அவனுக்கும் அவர்தானே அப்பா?

கோவை அக்கா:
அப்பா ஒருவர்தான், தம்பி. ஆனால் உடன்பிறந்தவர்களுக்கு ஜீன் சராசரியாகப் பாதிதான் ஒத்துப்போகும். நானும் தங்கையும் ஆறு மாதம் சேர்ந்து நடந்தோம். அவளுக்கு 150 இருந்தது 138 ஆனது. எனக்கு ஒரு புள்ளிகூட அசையவில்லை. நர்ஸ் எண்ணைச் சொன்னதும் அங்கேயே அழுதுவிட்டேன், ஏமாற்றிவிட்டு வந்த பிள்ளை மாதிரி.

உப்புக்கண்டம்:
எதற்கெடுத்தாலும் ஜீன் என்றால் எப்படி? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக பிரஷர் உண்டு, மூன்று தலைமுறையாக கருவாடும் ஊறுகாயும் உண்டு. என் மாமா "பரம்பரை" என்று சொல்லியே நடையை விட்டார். ஒரு விடியற்காலை வாய் கோணிப்போய்க் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். அந்தச் சொல்லைக் கேட்டாலே கோபம் வருகிறது.

சைக்கிள்காரர்:
உப்பு சொன்னவருக்கு: உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் அக்கா பொய் சொல்லவில்லை. 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹெரிடேஜ் என்ற ஆய்வு நடந்தது. குடும்பம் குடும்பமாக ஆட்களைச் சேர்த்து 20 வாரம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். பயிற்சி ஒன்றுதான், பலன் ஆளுக்கு ஆள் வேறு. பிரஷரைக் கட்டுப்படுத்துவதில் பங்குள்ள ஆஞ்சியோடென்சினோஜன் ஜீன் எந்த வகை என்பதைப் பொறுத்து, உழைக்கும் நேரத்துக் கீழ் பிரஷர் இறங்கும் அளவு ஆண்களிடம் மாறியது. 2012-இல் அந்த ஆய்வை நடத்திய கிளாட் பூஷார் குழுவினர் ஆறு ஆய்வுகளின் 1,687 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். சுமார் 12 சதவீதம் பேருக்குப் பயிற்சிக் காலம் முடிந்த பிறகு, ஓய்வில் அளந்த மேல் பிரஷர் 10 புள்ளியோ அதற்கு மேலோ ஏறியிருந்தது. இது ஒரே ஜீனின் வேலை இல்லை, பல ஜீன்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகின்றன.

எனக்கும் 210 வந்தது, அவ்வளவுதான் என் கதை. நடை அசைக்காதவர்கள் சுவரில் சாய்ந்து நாற்காலியில் உட்காருவது போல நிற்கும் பயிற்சியைப் பாருங்கள். 2 நிமிடம் நிற்க வேண்டும், 2 நிமிடம் ஓய்வு, இப்படி நாலு முறை, வாரம் மூன்று நாள். மூச்சை அடக்கக் கூடாது, அடக்கினால் பிரஷர் எகிறும். வீட்டில் அளக்கும்போது ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். காபி குடித்த கையோடு அளக்காதீர்கள். 226 வந்தவர் மட்டும் டாக்டரைக் கேட்காமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

கோவை அக்கா:
அந்தச் சுவர்ப் பயிற்சி முட்டி வலிக்காரர்களுக்கு ஆகுமா? தம்பி, டாக்டர் என்ன சொன்னார்?

காலைநடை:
24 மணி நேரம் பிரஷர் அளக்கும் கருவியை நாளைக்குக் கட்டுகிறார்கள், அக்கா. அண்ணனும் தனக்கும் கட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறான்.