ஜப்பான் டிபென்டன்ட் விசாவுல பார்ட் டைம் வேலைக்குப் போலாமுங்களா? வாரத்துக்கு 28 மணி நேரம்தான்னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

திருப்பூர்க்காரி
வணக்கங்க. டோக்கியோ நிஷிகசாய்ல இருக்கேன், வந்து எட்டு மாசம் ஆச்சு. வீட்டுக்காரர் ஐடி, அவருக்கு இஞ்சினியர் விசா, எனக்கும் பையனுக்கும் அவரைச் சார்ந்து வந்த டிபென்டன்ட் விசா. பையன் ஸ்கூலுக்குப் போயிட்டான்னா மத்தியானம் வரைக்கும் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கேன், ஊர்ல பனியன் கம்பெனில ஏழு வருசம் அக்கவுண்ட்ஸ் பாத்தவ, இப்ப காய் வாங்கறதுக்கு அவர்கிட்ட காசு கேக்கவே ஒரு மாதிரி இருக்குதுங்க. இங்க தங்கறதுக்குக் குடுத்த சைர்யூ கார்டுல வேலை பாக்கக்கூடாதுன்னு போட்டிருக்குதாமா, ஆனா எதுத்த பில்டிங் அக்கா அதே விசாதான், கொம்பினில, அதாங்க சின்ன சூப்பர் மார்க்கெட் மாதிரிக் கடைல, வேலைக்கு நிக்கறாங்க. எனக்கு ஒரு ரெஸ்டாரன்ட்ல கூப்பிட்டாங்க, கார்டெல்லாம் வேண்டாம்மா கைல காசு குடுத்தர்றோம்னாங்க. போலாமுங்களா? இல்ல பழைய கம்பெனி வேலைய லேப்டாப்புல இங்கிருந்தே பண்ணித் தரலாமுங்களா?

எடோகாவா அக்கா
மொதல்ல அந்த ரெஸ்டாரன்ட் பக்கம் தலை வெச்சுப் படுக்காத. பெர்மிஷன் இல்லாம ஒரு நாள் நின்னாலும் சட்டப்படி தப்புதான், மாட்டினா கடைக்காரனுக்கும் பிரச்சனைதான், ஆனா விசா போறது உனக்கு. கார்டு வேண்டாம்னு ஒருத்தன் சொல்றான்னா அவன் உன் நல்லதுக்கா சொல்றான்?

எதுத்த பில்டிங் அக்கா தனியா ஒரு பெர்மிஷன் வாங்கிருப்பாங்க. ஷிகாகுகாய் கட்சுதோன்னு பேரு, வாய்ல நுழையாது, இமிக்ரேஷன் கவுன்டர்ல 28 மணி நேர பெர்மிஷன்னு சொன்னாலே புரிஞ்சுக்குவாங்க. ஃபீஸ் கிடையாது. வேலை கிடைச்சப்புறம்தான் அப்ளை பண்ணணும்னும் இல்ல, இப்பவே பண்ணிடு. ரெண்டு வாரத்துலேர்ந்து ரெண்டு மாசம் வரைக்கும் ஆகும்னு சொல்வாங்க, எனக்கு மூணு வாரத்துல வந்துச்சு. கார்டுக்குப் பின்பக்கம் அடிச்சுக் குடுப்பாங்க, இன்டர்வியூக்குப் போனா மேனேஜர் மொதல்ல கார்டைத் திருப்பித்தான் பாப்பாரு.

அதுக்கப்புறம் கொம்பினி, டப்பா சாப்பாடு கட்டற பென்தோ ஃபேக்டரி, ஹோட்டல் பெட் போடறது, இங்கிலீஷ் சொல்லித்தர்றது எதுக்கு வேணா போலாம். ஹோஸ்டஸ் பார், அப்புறம் பச்சின்கோ, மாஜோங்னு சூதாட்டம் மாதிரி ஆடற கடை மட்டும் ஆகாது, அங்க கூட்டிப் பெருக்கற வேலைக்குக்கூட போகக்கூடாது.

இன்னொண்ணு, நெறைய பேர் கோட்டை விடற எடம் இதுதான், அந்த பெர்மிஷனுக்கு ஆயுசு உன் விசா தேதி வரைக்கும்தான். விசா ரினியூ பண்றப்ப கூடவே இந்த ஃபார்மையும் திரும்பக் குடுக்கணும். எனக்கு மொத தடவை தெரியல, புது கார்டு வாங்கிட்டு சந்தோஷமா வந்துட்டேன், கடையில திருப்பிப் பாத்தா பின்னாடி காலி. ஒரு மாசம் வீட்ல உக்காந்தேன்.

யாழ்_பெடியன்
அக்கா, நான் ஸ்டூடன்ட் விசாவில வந்தனான், எங்களுக்கும் அதே 28 மணித்தியாலம்தான். ஆனா திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும் எண்டு மட்டும் எண்ணிப்போட்டு இருக்காதேங்கோ. எந்த நாள்ல தொடங்கி ஏழு நாள் எண்ணினாலும் 28க்குள்ள நிக்கவேணும். இப்ப இந்தக் கிழமை வியாழன்ல இருந்து ஞாயிறு வரைக்கும் நாளுக்கு ஏழு மணித்தியாலம், அடுத்த கிழமை திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் ஏழு ஏழு எண்டு செய்தா ரெண்டு கிழமையும் 28தான் வரும், ஆனா வியாழன்ல இருந்து புதன் வரைக்கும் எண்ணிப் பாருங்கோ, 49. ஷிஃப்ட் போடுற ஆள் இதைப் பாக்க மாட்டார், நாங்கதான் பாக்கவேணும். ரெண்டு இடத்தில செய்தா ரெண்டையும் கூட்டித்தான் கணக்கு. பள்ளிக்கூட நீண்ட லீவில நாளுக்கு எட்டு மணித்தியாலம் செய்யலாம் எண்டு ஆரும் சொன்னா நம்பிப் போயிடாதேங்கோ, அது ஸ்டூடன்டுக்கு மட்டும்.

கணக்குப்புள்ள
28 விசா கணக்கு சரி, பாக்கெட் கணக்கை யாரும் சொல்லலையே. இப்ப நீங்க உங்க வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸ்ல இருக்கீங்க, பென்ஷனும் நீங்க தனியா கட்டறதில்ல. உங்க வருமானம் வருஷத்துக்கு 13 லட்சம் யென்னைத் தாண்டற மாதிரி ஆச்சுன்னா அதுலேர்ந்து வெளிய வந்துடணும், பென்ஷனுக்கு மட்டுமே மாசம் 17,000 யென்னுக்கு மேல, ஹெல்த் இன்ஷூரன்ஸ் வேற தனி. டோக்கியோல 2025 அக்டோபர்லேர்ந்து குறைஞ்சபட்ச கூலி மணிக்கு 1,226 யென். அதுல வாரம் 28 மணி நேரம் வருஷம் பூரா போனா பதினேழரை லட்சத்துக்கு மேல வருது, 13ஐ எப்பவோ தாண்டியாச்சு. 13 லட்சத்துக்குள்ள நிக்கணும்னு திருப்பிப் போட்டுப் பாத்தா வாரத்துக்கு 20 மணி நேரம் சொச்சம்தான் வருது. பெரிய கம்பெனின்னா, அதாவது 51 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா, 20 மணி நேரத்துலயே அவங்க இன்ஷூரன்ஸ்ல சேத்து சம்பளத்துல பிடிச்சுடுவாங்க. அதனால 19 மணி நேரத்தோட நிறுத்திக்கற லேடீஸ்தான் ஜாஸ்தி, ஜப்பான்காரங்களும் அப்படித்தான். 22, 23 மணி நேரம் பாக்கறதுதான் ரொம்ப நஷ்டம், கூட உழைச்சு கம்மியா வீட்டுக்கு வரும்.

லேப்டாப் வேலை: சம்பளம் இந்தியாவுல விழுந்தாலும் நீங்க உக்காந்து பண்றது இங்க, அதுவும் வேலைதான். பீஸ் ரேட்டு, ஃப்ரீலான்ஸ்னா எத்தனை மணி நேரம்னு காட்ட முடியாது, அதுக்கு இந்த பொதுவான பெர்மிஷன் போதாது, ஒப்பந்தத்தைக் காட்டித் தனியா கேக்கணும்.

படிப்பு, சம்பளத்துக்கெல்லாம் பாயின்ட் போட்டுக் குடுக்கற ஹைலி ஸ்கில்டு விசான்னு ஒண்ணு இருக்கு, உங்க வீட்டுக்காரருக்கு அதுக்கு வேண்டிய 70 பாயின்ட் வருதான்னு போட்டுப் பாருங்க. அந்த விசாவுக்கு அவர் மாறினா அக்கவுண்ட்ஸ் மாதிரி ஆபீஸ் வேலைக்கு நீங்க ஃபுல் டைமே போலாம், டிகிரி எக்ஸ்பீரியன்ஸ் எல்லாம் நோண்ட மாட்டாங்க. ஆனா உங்க விசாவையும் மாத்தணும், அவரோட ஒரே வீட்ல இருக்கணும்.

திருப்பூர்க்காரி
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ரெஸ்டாரன்டுக்கு வரலைன்னு சொல்லிட்டேன். பாயின்ட் போட்டுப் பாத்தோம், 65 வருதுங்க, ஜப்பானிஸ் மொழிப் பரிட்சைல என்2 லெவல் பாஸ் பண்ணினா பத்து கூடுமாமா, இன்னிக்கு புஸ்தகம் வாங்கிட்டு வந்துட்டாரு. நான் செவ்வாக்கிழமை ஷினகாவால இருக்கற இமிக்ரேஷன் ஆபீஸுக்குப் போறேன், தனியா போறது இதான் மொத தடவை. ஸ்டேஷன்ல எந்தப் பக்கம் எறங்கணுமுங்க?

எடோகாவா அக்கா
கோனான் பக்கம் வெளிய வா, அங்கேர்ந்து இமிக்ரேஷனுக்கு பஸ் இருக்கு. பாஸ்போர்ட், கார்டு ரெண்டும் எடுத்துக்கோ. காலைல கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே போய் நில்லு, பையன் ஸ்கூல் விட லேட்டானா எனக்கு மெசேஜ் போடு, நான் கூட்டிட்டு வந்துடறேன்.