மறு: ஹபெனுலா – சிறுவள்பா, கடிவாளமா?

அன்பின் குழுவினருக்கு,

தாதிய மாணவருக்கான மனச்சோர்வுக் கைநூல் வெள்ளியன்று திருகோணமலையில் அச்சுக்குப் போகிறது. மூளையிலுள்ள ஹபெனுலா என்ற சிறு பகுதிக்குத் தமிழ்ப் பெயர் மட்டும்தான் பாக்கி.

ஹபெனுலாவுக்கு இலத்தீனில் 'சிறு வார்' என்று பொருள். கூம்புச் சுரப்பியின் காம்பைக் குதிரையின் வாராகக் கண்ட பழைய உடற்கூற்றாளர் உருவம் பார்த்து இட்ட பெயர் இது. பின்னாளில் தொழிலும் பொருந்திவிட்டது. எதிர்பார்த்த வெகுமதி கிட்டாதபோது இதன் பக்கப் பகுதி கிளர்ந்தெழுகிறது. வெகுமதியை உணர்த்தும் நடுமூளையின் டோபமைன் கலங்கள் அடங்குகின்றன. 2007இல் மாட்சுமோட்டோ, ஹிகோசாகா என்ற ஆய்வாளர்கள் குரங்குகளில் இதைக் காட்டினார்கள். பக்கப் பகுதி அவற்றைப் பெரும்பாலும் நேரே அடக்குவதில்லை. இடையிலுள்ள தடுப்பு நரம்புக்கலங்களைத் தூண்டி, அவற்றைக் கொண்டு அடக்குகிறது. குதிரையை இழுப்பது வார், அதன் வாயை அழுத்தும் இரும்புதான் கடிவாளம். ஆகவே 'கடிவாளம்' பிழை.

ஆனால் ஐயா முன்மடலில் அதை வடசொல் என்று தள்ளியதை மட்டும் ஏற்கமாட்டேன். கன்னடத்தில் 'கடிவாண' இருக்கிறது. கடித்தலில் பிறந்த சொல். சங்கப் பாடல்களில் தேர்ப்பாகன் பிடித்திழுப்பது வள்பு. 'சிறுவள்பு' என்பேன்.

*

அக்கா,

தம்பலகாமத்துப் பிள்ளைக்கு வள்பு என்றால் என்ன விளங்கும்? முகுளத்தை 'நீள்வளைய மையவிழையம்' என்று மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்த தலைமுறை நாங்கள். திருகோணமலை வீதியில் மான் நிற்கும். குதிரைக்கு எங்கே போவது? வண்டில் மாட்டின் நாணயக்கயிறு எல்லாருக்கும் தெரியும். இழுத்தால் மாடு நிற்கும்.

இன்னொன்று. தொழில் பொருந்துகிறது என்கிறீர்கள். ஹபெனுலாவின் உட்பகுதிக்கு என்ன சொல்வீர்கள்? நிக்கொட்டீனைக் கைவிட்டவரின் தவிப்பில் அதற்குப் பங்குண்டு. எந்த வார் அங்கே எதை இழுக்கிறது?

*

தம்பி,

மூக்கைத் துளைத்துப் போட்ட கயிற்றை மூளைக்குள் கொண்டுவந்தால் மாணவர் சிரிப்பார்கள். சிரித்தால் நினைவிருக்கும் என்று வாதாடாதீர்கள். உட்பகுதி பற்றிய கேள்வி நல்ல கேள்வி. அதனால்தான் தொழிலை விட்டு உருவத்தையே பிடிக்கச் சொல்கிறேன். உருவத்தில் இரண்டும் ஒரே வார்தான்.

*

அனைவருக்கும்,

வடசொல் ஆராய்ச்சியைப் பிறகு தொடருங்கள். பெரும்பான்மை சிறுவள்பு. தலைப்பில் 'ஹபெனுலா எனும் சிறுவள்பு' என்று போடுகிறேன். படத்தில் அம்புக்குறியருகே இடமில்லை. அங்கே ஹபெனுலா மட்டும்.

*

என் எதிர்ப்பைப் பதிவு செய்யவும். படத்தில் தோற்ற சொல்லை எந்த மாணவரும் தலைப்பில் தேடமாட்டார்.