'இம்பெடிமென்ட்டா' (படையோடு கூடப் போகும் சுமைகளைக் குறிக்கும் லத்தீன் சொல், ஆங்கிலத்திலும் உண்டு): எங்கே பார்த்தீர்கள், தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?

தல்லாகுளம்:
ரோமானியத் தளபதி சீசரின் காலியப் போர்க் (காலியா என்பது இன்றைய பிரான்ஸ் பக்கம்) குறிப்புகளில், இரண்டாம் பாகத்தில் இந்தச் சொல் வழிமறிக்கும். சிப்பாய் தானே தூக்கிய மூட்டை 'சார்சினா'. பொதிமாடு மாதிரி கோவேறு கழுதைகள் சுமந்து வந்தது 'இம்பெடிமென்ட்டா'. இரண்டையும் 'சுமை' என்று போட்டால் கி.மு. 57 சாபிஸ் ஆற்றுச் சண்டை விளங்காது. ஒவ்வொரு லெஜியனுக்குப் (ரோமானியப் படைப்பிரிவு) பின்னாலும் அதனதன் மூட்டைகள் வரும். முதல் லெஜியனின் மூட்டை கண்ணில் பட்டதும் பாய்ந்தால் அடுத்த லெஜியன் உதவிக்கு வந்து சேராது. இது சீசரை எதிர்த்த நெர்வியர் என்ற பழங்குடியினர் போட்ட கணக்கு. சீசரோ ஆறு லெஜியன்களை முன்னே விட்டு, மூட்டைகளை மொத்தமாகப் பின்னே வைத்து, புதுசாகத் திரட்டிய இரண்டைக் கடைசியில் காவலுக்கு நிறுத்தியிருந்தார். மூட்டையைப் பார்த்துப் பாய்ந்தவர்கள் ஆறு லெஜியன்களிடம் மாட்டினார்கள்.

செல்லூர்:
வேர் லத்தீன் 'பெஸ்', கால். 'இம்பெடிரே' என்றால் காலைச் சிக்கவைப்பது. அச்சு அசல் நம்ம கால்கட்டு! அவிழ்த்துவிட்டால் 'எக்ஸ்பெடிரே', எக்ஸ்பெடிஷன் அதிலிருந்து வந்தது. 1886-இல் ஹெவிசைட் என்ற ஆங்கிலேய மின்னியல் அறிஞர் உண்டாக்கிய 'இம்பீடன்ஸ்' (மாறுமின்னோட்டத்துக்கு வரும் தடை) இதே குடும்பம். ஸ்பீக்கர் முதுகில் 8 ஓம் என்று போட்டிருப்பது அதுதான்.

மேலூர்:
வேர் பொருந்தும், வழக்கு பொருந்தாதே. 'அவனுக்கு ஒரு கால்கட்டுப் போடணும்' என்றால் இங்கே பெண் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். தட்டுமுட்டுச் சாமான் என்றால் வீட்டுப் பண்டம். 'மூட்டைமுடிச்சு' என் ஓட்டு. தூக்கிக்கொண்டு நகர்வது அதில்தான் இருக்கிறது. இன்னொன்று, இது பன்மைச் சொல், கடைசியில் 'ஸ்' ஒட்டாதீர்கள். ஒருமையில் 'இம்பெடிமென்ட்' என்றால் தடங்கல், திக்குவாய்; மூட்டை இல்லை.

ஒத்தக்கடை:
'என்கம்பரன்ஸ்' வேறு, இதோடு குழப்பவேண்டாம். அதன் வேர் பழைய பிரெஞ்சு 'காம்ப்ர்', ஆற்றை மறிக்கும் தடுப்பு. தமிழில் வில்லங்கம். ஆங்கிலத்தில் அடமானம் போல சொத்தின் மேல் ஏறியிருக்கும் பாரம்தான் அது. நம்ம வில்லங்கச் சான்றில் கிரயமும் வரிசையாக வரும். கேட்ட காலத்துக்குள் பதிவானது மட்டுமே அதில் ஏறும். பதியாத உயில், வாய்மொழி ஒத்தி எதுவும் தெரியாது. 'வில்லங்கம் இல்லை' என்ற ஒரு வரியை நம்பி அட்வான்ஸ் கொடுக்காமல், மூலப்பத்திரத்தையும் பட்டாவையும் சேர்த்து ஒத்துப் பாருங்கள்.