இடைநிலையா, முகட்டுநிலையா?

மதுரைக்காரன்:
நண்பர்களே, பிளஸ் டூ கரிம வேதியியல் பயிற்சி நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மெத்தில் புரோமைடை ஹைட்ராக்சைடு தாக்கும்போது, கார்பன்–புரோமின் பிணைப்பு பாதி அறுந்தும் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு பாதி உருவாகியும் ஒரு கட்டம் வருமே, ஆற்றல் வரைபடத்தின் உச்சியில்? அதைப் (ஆங்கிலத்தில் transition state) பாடநூல் 'இடைநிலை' என்கிறது. வேறு வினைகளில் நடுவே உண்டாகும் கார்பன் நேரயனி 'இடைநிலைப் பொருள்'. அது வரைபடத்தில் பள்ளத்தில் கிடப்பது. போதாததற்கு இரும்பும் தாமிரமும் 'இடைநிலைத் தனிமங்கள்'! வேறு சொல் கிடைக்குமா?

யாழ்ப்பாணத்தான்:
எங்கள் பாடநூல்களில் அவை தாண்டல் மூலகங்கள். இதற்கும் 'தாண்டல் நிலை' என்று போடுங்கோவன்.

புலவர்:
சொற்கள் புணரும்போது எழுத்துகள் மாறுவதை நன்னூல் அன்றே சொல்லிவிட்டது: தோன்றல், திரிதல், கெடுதல். ஹைட்ராக்சைடு வருமொழி, ஒரு பிணைப்பு தோன்றுகிறது, ஒன்று கெடுகிறது. ஆகவே 'புணர்நிலை'. அப்புறம், கார்பன் எதற்கு? கரிமம் இருக்கிறதே.

வேதியியல் ஆசிரியை:
ஐயா, 'புணர்நிலை' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு எங்கள் வகுப்பில் நின்று பாருங்கள். அந்தப் பீரியட் அதோடு போச்சு. தவிர, மரம் + வேர் 'மரவேர்' ஆகும்போது மகரம் முழுதாகக் கெட்டுவிடுகிறது. பாதி கெட்டு நிற்கும் கட்டம் நன்னூலில் ஏது? எங்களுக்கு வேண்டியது அந்தப் பாதிதான்.

புலவர்:
ஏன் இல்லை? மகரக்குறுக்கம்! 'போன்ம்' என்பதில் மகரம் கால் மாத்திரையாகக் குறுகவில்லையா? பிணைப்பு வலுக்குறைவதும் அப்படித்தான். 'குறுகுநிலை' என்றும் சொல்லலாம்.

வேதியியல் ஆசிரியை:
அங்கே பிணைப்பு குறுகவில்லை ஐயா, நீள்கிறது. நீண்டுதான் வலு குறைகிறது. அதே நேரத்தில் மற்ற மூன்று ஹைட்ரஜன்களும் காற்றில் குடை மடங்குவதுபோல மறுபக்கம் புரள்கின்றன. எல்லாம் ஒரு வினாடியைப் பத்து லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு அளவுக்குத்தான். இத்தகைய வேகத்தை லேசர் துடிப்புகளால் தொடர்ந்து பார்த்ததற்காகத்தான் அகமது செவைலுக்கு 1999இல் நோபல் கிடைத்தது. பிடித்து நிறுத்த முடியாதது என்று மாணவருக்குப் புரிய வேண்டும். 'முகட்டுநிலை' எப்படி? வரைபடத்தைக் காட்டினாலே விளங்கும்.

கோவை மாணவன்:
'மாறுநிலை' எளிதாக இருக்கிறதே?

மதுரைக்காரன்:
இயற்பியலில் மாறுநிலைக் கோணம் இருக்கிறது தம்பி. இன்னொரு குழப்பம் வேண்டாம்.

யாழ்ப்பாணத்தான்:
முகடு என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டுக்கூரைதான் நினைவு வரும். என் வாக்கு தாண்டலுக்கே.

மதுரைக்காரன்:
சரி, நேரமில்லை. 'முகட்டுநிலை' என்று போட்டு, முதலில் வரும் இடத்தில் மட்டும் 'பாடநூலில் இடைநிலை' என்று அடிக்குறிப்பு கொடுக்கிறேன். தேர்வில் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போகக்கூடாது. அனைவருக்கும் நன்றி.

புலவர்:
கரிமம் பற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லை.