வளரிளம் பிள்ளைகள் வீட்டில் வாங்கும் அடி: களத்தில் இருப்பவர்கள் சொல்வது

கணக்கெடுப்புக்குப் போகிறவர்:

"வீட்டில் உன்னைக் கொடுமைப்படுத்துகிறார்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். பெல்ட்டால் அடி வாங்கியவனுக்கும் அது கொடுமை இல்லை, கண்டிப்பு. செயலைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கையால் அறைந்தார்களா, கம்பாலோ வயராலோ அடித்தார்களா, உதைத்தார்களா, சூடு வைத்தார்களா, கடந்த 12 மாதத்தில் எத்தனை தடவை. அமெரிக்கச் சமூகவியலாளர் மர்ரே ஸ்ட்ராஸ் குழு 1998-இல் வெளியிட்ட பெற்றோர்–பிள்ளை மோதல் அளவுகோல் என்ற கேள்வித்தாளும் இப்படித்தான் கேட்கிறது.

பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில் இது லேசான காரியமில்லை. இருவராகப் போய், ஒருவர் அம்மாவிடம் பேச்சுக் கொடுக்க, மற்றவர் பிள்ளையோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், காதுக்கு எட்டாத இடத்தில் உட்காருவது நல்லது. யாராவது நெருங்கி வந்தால் உடனே திருப்ப, பள்ளி, விளையாட்டு பற்றிய கேள்விகளோடு ஒரு பக்கம் கையில் இருக்கட்டும். அது இல்லாமல் போனால், பேட்டியே அன்று ராத்திரி அடிக்குக் காரணமாகிவிடும். கேள்வித்தாளை அந்த வீட்டில் விட்டுவிட்டு வரக் கூடாது.

எண்களோடு மல்லுக்கட்டுகிறவர்:

யுனிசெஃப் பல நாடுகளில் வீடு வீடாக நடத்தும் 'மிக்ஸ்' கணக்கெடுப்பை எடுத்து வளரிளம் பருவம் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அதில் கண்டிப்பு பற்றிய பகுதி 1 முதல் 14 வயது வரைதான். பதில் சொல்வது பெரியவர். கேட்பது கடந்த ஒரு மாதத்தை மட்டும். 15, 16, 17 வயதுக்காரர்கள் அதில் இல்லவே இல்லை. 13 முதல் 24 வயதினரிடம் நேரடியாகக் கேட்கும், பிள்ளைகள் மீதான வன்முறை பற்றிய கணக்கெடுப்பு வேறு. அதன் முதல் சுற்று 2007-இல் ஸ்வாசிலாந்தில் (இன்றைய எஸ்வதினி) நடந்தது.

இன்னொரு சிக்கல் வறுமை. ஃபிரிட்ஜ் உண்டா, தரை சிமெண்ட்டா என்று கணக்குப் போடும் சொத்துக் குறியீடு இந்த மாதக் கடனைக் காட்டாது. வேலை போன வாரத்தையும் காட்டாது. கை ஓங்குவதற்கு அந்த நெருக்கடிதான் கிட்டத்தில் நிற்கிறது. சொத்துக் குறியீட்டை மட்டும் வைத்து "ஏழை வீட்டில்தான் அடி" என்று எழுதுவது அவசரப் புத்தி.

குடும்ப ஆலோசகர்:

எந்த வீட்டில் பிள்ளைக்கு அடி விழும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் அனுமதி என்றால், அம்மா அடி வாங்குகிறாரா என்று கேட்பேன். கணவன் மனைவியை அடிக்கும் வீட்டில் பிள்ளைக்கும் அடி விழுவது பல நாட்டு ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. பிள்ளையை அடிப்பது அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அவர் வீடு திரும்பும் நேரத்துக்கு அரை மணி முன்னால் பாருங்கள். பையன் பாட்டுச் சத்தத்தைக் குறைக்க மாட்டேன் என்கிறான். அப்பா வந்து ரகளை ஆவதற்குள் அடக்கிவிட வேண்டும் என்று அம்மா கரண்டியை எடுக்கிறார். படிவத்தில் இது "தாய் அடித்தார்" என்று மட்டும் பதிவாகும்.

குடி, பெற்றோரின் மனச்சோர்வு, அவர்கள் சிறுவயதில் வாங்கிய அடி, அடித்தால்தான் பிள்ளை உருப்படும் என்ற நம்பிக்கை, வீட்டு நெரிசல், பிள்ளைக்கு உடற்குறையோ கற்றல் சிரமமோ இருப்பது எல்லாம் அதற்கு அடுத்து வரும் ஆபத்துகள். ஒன்று இருந்தால் பெரும்பாலான வீடுகள் தாக்குப்பிடிக்கும். மூன்று நான்கு சேரும்போதுதான் பயப்பட வேண்டும். வயதோடு காரணமும் மாறும். பெண் என்றால் போனில் யாரோடு பேசினாள் என்பது, பையன் என்றால் பள்ளிக்கு மட்டம் போட்டது, கூலிக் காசைக் கொடுக்காதது. 15 வயதில் அவன் திருப்பி அடிக்கவும் கூடும். அதற்கு அப்பன் கட்டையை எடுப்பான்.

வார்டு செவிலியர்:

மடித்த வயரால் அடித்தால் வளைந்த முனையோடு தழும்பு விழும். கம்படி இரண்டு இணைகோடுகளாகத் தெரியும், நடுவே வெளிறியிருக்கும். முகத்தை மறைக்கக் கை தூக்கும்போது, முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்புதான் அடி வாங்கும். முழங்காலிலும் கணுக்கால் மேலும் உள்ள சிராய்ப்பு விளையாட்டில் வந்திருக்கலாம். காது, கழுத்து, முதுகு என்றால் கேட்டே ஆக வேண்டும். கன்றிப்போன நிறத்தை வைத்து "மூன்று நாள் ஆனது" என்று எழுதாதீர்கள், அதை நம்ப முடியாது. எடை பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பிள்ளையைத் தனியே அழைத்துப் போய், சொன்ன வார்த்தைகளை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் வகுப்பு நடத்துகிறவர்:

"அடிக்காதே" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் இரண்டு வாரம்கூட நிற்காது. தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் பகுதியில் 'சினோவுயோ டீன்' என்ற திட்டத்தை 40 இடங்களில் 552 குடும்பங்களோடு சோதித்தார்கள். முடிவுகள் 2018-இல் வந்தன. பிள்ளைகளின் வயது 10 முதல் 18. மொத்தம் 14 அமர்வுகள், பத்தில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து, நான்கில் தனித்தனியே. அடியும் திட்டும் குறைந்தன. வீட்டு வரவு செலவு, சேமிப்பு பற்றிய பேச்சும் அதில் இருந்தது. மேலே கடனைப் பற்றிச் சொன்னவருக்கு அதன் காரணம் புரியும்.

இப்படி வகுப்புகள் கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். பகல் வேளையில் வைத்தால் அப்பாக்கள் வர மாட்டார்கள். விதிகள், தண்டனை என்று முதல் வாரத்திலேயே ஆரம்பித்தால் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். முதலில் தினமும் கொஞ்ச நேரம் பிள்ளை விரும்பியதைச் சேர்ந்து செய்யும் பழக்கம் வர வேண்டும், கோபத்தை அடக்குவது அப்புறம், விதிகள் அதற்கும் பிறகு. ஒரு அமர்வு தவறினால் வீட்டுக்கே போய் அந்தப் பாடத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு வர வேண்டும். தவறவிடுகிற வீடுதான் பெரும்பாலும் நாம் கவலைப்பட வேண்டிய வீடு.