இயேசுவ சாமின்னு 325ல ஓட்டு போட்டா முடிவு பண்ணாங்க? எங்கருந்து படிக்க ஆரம்பிக்கிறது?

வைகைக்கரை:
வணக்கம். ஊரு மதுரை, நாங்க சிஎஸ்ஐ. ஞாயித்துக்கெழம நிசேயா விசுவாசப்பிரமாணம் வாய் பாட்டுக்கு சொல்லும், அர்த்தம்லாம் யோசிச்சதில்ல. இப்ப ஃப்ரெண்டு ஒருத்தன் யூடியூப்ல எதையோ பாத்துட்டு "ரோம ராசா கான்ஸ்டன்டைன் ஆளக் கூட்டி ஓட்டு போட்டுத்தான் இயேசுவ சாமியாக்குனாரு"ன்னு அடிச்சு விடுறான், எனக்கு பதில் சொல்லத் தெரியல. பக்தி புக்கு வேணாம், வரலாறா படிக்கணும். எதுல ஆரம்பிக்க?

அரசரடிக்காரன்:
தம்பி, நிசேயால, அதாவது கி.பி. 325ல பிஷப்மாருங்க கூடுன சங்கத்துல ஆரம்பிக்காதீங்க, அது பாதி கதை. அப்போஸ்தலர் பவுல் சபைகளுக்கு எழுதுன நிருபங்கள்ல இருந்து வாங்க, பிலிப்பியர் 2, 1 கொரிந்தியர் 8:6, இதெல்லாம் 50கள், 60கள் வாக்குல எழுதுனது, அதுலயே இயேசுவ தெய்வ நிலையில வச்சுப் பேசுறாரு. 112 வாக்குல பித்தினியா (இப்ப துருக்கி) கவர்னர் பிளினி ரோம ராயன் டிராஜனுக்கு எழுதுன லெட்டர்லயே, இவங்க விடியுமுன்னாடி கூடி கிறிஸ்துவ தெய்வமா வச்சு பாடுறாங்கன்னு இருக்கு. நிசேயா ஊரும் அதே பித்தினியாதான், இருநூறு வருசத்துக்கு அப்பறம்தான் அங்க சங்கம் கூடுது. நிசேயா சங்கம் எதிர்த்த பாதிரியார் ஆரியுஸ் கூட கிறிஸ்துவ வெறும் மனுசன்னு சொல்லல, எல்லாத்துக்கும் முன்னாடி பிதா படைச்சவருன்னாரு. படைக்கப்பட்டவரா இல்லையாங்கறதுதான் சண்டையே. ஃப்ரெண்டுகிட்ட ஒண்ணு கேளுங்க, 325ல எல்லாம் முடிஞ்சு போச்சுன்னா அதே கான்ஸ்டன்டைன் 335ல நிசேயா கட்சிக்காரரான அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸ ஏன் நாடு கடத்துனாரு? அந்த மனுசன் மொத்தம் அஞ்சு தடவ ஊர விட்டுப் போயிருக்காரு. அப்பறம், நீங்க சர்ச்சுல சொல்றது 381 கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோட சேத்துச் சொல்ற வடிவம், 325ல எழுதுனது அப்படியே இல்ல.

திருமங்கலத்தான்:
அண்ணே சொல்றது சரிதான், ஆனா பவுல்லயே எல்லாம் தெளிவா இருந்துச்சுங்கற மாதிரி ஆயிரக்கூடாது. கொலோசெயர் 1:15 "முந்தின பேறு", நீதிமொழிகள் 8:22, இதையெல்லாம் காட்டித்தான் ஆரியுஸ் பக்கமும் பேசுனாங்க. ரெண்டு கோஷ்டிகிட்டயும் ஒரே பைபிள்தான். அதனால ஒவ்வொரு சங்கத்தையும் எந்தக் கேள்விக்கு கூடுனாங்கன்னு பாத்துப் படிங்க, வருசத்த மனப்பாடம் பண்ணி புண்ணியம் இல்ல.

திருச்சூர்ல வேலை:
நம்ம ஊர்க்காரன்தான், இப்ப கேரளால இருக்கேன். இங்க வந்தப்பறம்தான் இது பழைய கதையே இல்லைன்னு புரிஞ்சுது. 431 எபேசு சங்கம் கான்ஸ்டான்டிநோபிள் பிஷப் நெஸ்டோரியுஸ தள்ளி வச்சுது, அத ஏத்துக்காத கிழக்குத் திருச்சபை திருச்சூர்லயே இருக்கு, கல்தாய சபைன்னு சொல்வாங்க. 451ல கல்செதோன் சங்கம், கிறிஸ்து ஒரே ஆள், ஆனா கடவுள், மனுசன்னு ரெண்டு இயல்புன்னு சொல்லுச்சு, எகிப்து, அர்மீனியா, சிரியால பாதி ஒத்துக்கல, கோட்டயம் பக்கம் ஆர்த்தடாக்ஸ்காரங்க அந்த வழிதான். கிழக்குத் திருச்சபையோட தலைவர் மார் தின்காவும் போப் இரண்டாம் ஜான் பாலும் 1994லதான் கிறிஸ்து யாருங்கறதப் பத்தி சேந்து அறிக்கை விட்டாங்க, ஆயிரத்தி ஐநூறு வருசத்துக்கு மேல ஆச்சு பாருங்க!! 'நெஸ்டோரியன்'னு எதிராளி வச்ச பேர வச்சே ஒருத்தரப் படிச்சா அவரு என்ன சொன்னாருன்னே தெரியாமப் போயிரும்.

வைகைக்கரை:
அண்ணே ரொம்ப நன்றி. சுவிசேஷத்துல எத மொதல்ல படிக்க? மாற்குல சாதா மனுசனா ஆரம்பிச்சு யோவான்ல கடவுளா முடியுதுன்னு ஒரு வீடியோல சொன்னாங்க.

அரசரடிக்காரன்:
மாற்குவே படிங்க, ஆனா அந்த ஏணிக் கணக்க நம்பாதீங்க. பவுல் மாற்குக்கு முந்தி எழுதுனவரு, அவருகிட்டயே அவ்வளவு பெரிய பேச்சு இருக்கே. புக்குக்கு நம்ம அரசரடி இறையியல் கல்லூரி லைப்ரரில வெளியாளுங்கள விடுவாங்களான்னு ஒரு எட்டு கேட்டுப் பாருங்க.